குரல் இழந்த சதுப்புச்செடி

செடிகொடிகளுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், மலைமேல் ஒரு சதுப்பு நிலம் இருந்தது. அதன் கரையில், வேரைத் தண்ணீரில் நனைத்தபடி ஒரு சின்னச் செடி நின்றது. ஊசிபோல மெல்லிய இலைகள், காகிதம்போல உரியும் பட்டை. இன்று நர்சரிகளில் ‘டீ ட்ரீ’ என்று விற்கிறார்களே, அந்தச் செடிதான். நாம் குடிக்கும் தேயிலைக்கும் அதற்கும் உறவில்லை.

அந்தச் சதுப்புக்குக் கோரை அறுக்க வருவாள் மசினி. அவள் கணவன் பெள்ளன் எருமைகளை ஓட்டிக்கொண்டு மேல்மலைக்குப் போனால், திரும்ப இரண்டு மாதம் ஆகும். அதுவரை வீட்டில் அவள் ஒருத்திதான். ஒருநாள் கோரை கிழித்து அவள் கால் எரிந்தபோது, யாரோ கூப்பிட்டார்கள்.

“அக்கா, என் இலையைக் கசக்கித் தடவிப் பாரேன்.”

தடவினாள். எரிச்சல் மெல்ல அடங்கியது. கையில் ஒட்டிய வாசனை வீடுவரை கூடவே வந்தது. அதன்பின் கோரை அறுக்கும்போதெல்லாம் இருவருக்கும் பேச்சுத்தான். செடிக்கு ஊர்க்கதை பிடிக்கும். மசினிக்குத் தன் பேச்சைக் கேட்க ஒரு துணை வேண்டியிருந்தது.

அந்த வருஷம் மழை பொய்த்தது. சதுப்பு வற்றி, சேறு வெடித்தது. செடி வாடி நின்றது.

“என்னோடு வந்துவிடுகிறாயா?” என்று கேட்டாள் மசினி.

“வீட்டுக்குள் வானம் உண்டா?”

“ஜன்னல் இருக்கிறது. காலை வெயில் நேராக உள்ளே விழும்.”

“தண்ணீர்?”

“ஊற்றில் குடம் நிறைய இன்னும் கிடைக்கிறது. தாகமெடுத்தால் ஒரு குரல் கொடு. எங்கிருந்தாலும் ஓடி வருவேன்.”

வேரோடு மண்ணையும் சேர்த்துப் பெயர்த்து, ஈரத்துணியில் சுற்றி, இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அடியில் ஓட்டை போட்ட மண்சட்டியில் நட்டு ஜன்னலோரம் வைத்தாள்.

“அக்கா, தண்ணி!” என்று செடி கூப்பிடும். அடுப்பில் என்ன இருந்தாலும் விட்டுவிட்டு வருவாள். ஒருநாள்கூடத் தவறியதில்லை. செடி தளிர்த்தது. வீடு முழுக்க அதன் வாசனை.

ஒரு காலையில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்தது. தங்கைக்குப் பிரசவ வலி. செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள் மசினி. “நாளைக்கு வந்துவிடுவேன்” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அன்று சாயங்காலமே மழை வந்தது. வருஷம் முழுக்கப் பெய்யாத மழை ஒரேயடியாகக் கொட்டியது. தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆனால் ஆறு பெருகி, மூங்கில் பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. மசினி தினமும் கரைக்கு வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள். இப்படியே எட்டு நாள்.

செடியோ ஜன்னலுக்கு உள்ளே இருந்தது. வெளியே மழை கொட்டுவது அதன் கண்ணெதிரே தெரிந்தது. ஒரு சொட்டுகூட அதன் வேருக்கு எட்டவில்லை. “அக்கா!” என்று கூப்பிட்டது. ஊரெல்லாம் கேட்கும்படி கத்தியது. மழைச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. ஆறாம் நாள் அதன் குரல் கரகரத்தது. ஏழாம் நாள் நின்றுபோயிற்று.

வெள்ளம் வடிந்ததும் இடுப்பளவு நீரில் ஆற்றைக் கடந்து வந்தாள் மசினி. கதவைத் திறந்ததும், “வந்துட்டேன்டா தங்கம்” என்றாள். பதில் இல்லை. தொட்ட இடமெல்லாம் இலை பொலபொலவென்று உதிர்ந்தது. சட்டி மண் கல்லாக இறுகிக் கிடந்தது.

அவள் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டியை அப்படியே அண்டாத் தண்ணீரில் இறக்கினாள். குமிழி விட்டு அடங்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். காய்ந்த கிளைகளை அரிவாளால் ஒவ்வொன்றாக வெட்டினாள். ஒவ்வொரு வெட்டுக்கும், “வலிக்குதா?” என்று கேட்டாள். கடைசியில் ஒரு சாண் தண்டுதான் மிஞ்சியது.

மேல்மலையிலிருந்து திரும்பிய பெள்ளன், “குச்சிக்கு எதுக்கு இத்தனை தண்ணி? அடுப்பில் போடு” என்றான்.

“அது என்னைக் கூப்பிட்டிருக்கு. நான்தான் வரலை” என்றாள் அவள்.

மறுநாள் ஊற்றுக்கு அவனே குடம் எடுத்துப் போனான்.

இருபதாம் நாள், தண்டின் அடியில் கடுகளவு பச்சை தெரிந்தது. பிறகு ஒன்பது தளிர்கள். முன்பு ஒற்றையாக வளர்ந்த செடி இப்போது புதராக அடர்ந்தது. குரல் மட்டும் திரும்பவே இல்லை. மசினி அதன் இலையை வருடினாள். விரல் பட்டதும் பழைய வாசனை மட்டும் குபுகுபுவென்று எழுந்தது.

“நீ இனிமேல் என்னைக் கூப்பிட வேண்டாம். நானே வந்து பார்த்துக்கிறேன்” என்றாள் மசினி. சொல்லிக்கொண்டே சட்டி மண்ணில் விரலை வைத்து ஈரம் பார்த்தாள்.

மற்ற செடிகள் எப்போது பேச்சை நிறுத்தின என்பது எனக்குத் தெரியாது. இந்தச் செடி வாய் மூடியது அன்று முதல்தான். வெட்ட வெட்ட அது அடர்ந்து தழைப்பதும், அதை வீட்டில் வளர்ப்பவர்கள் ஜன்னலோரம் வைத்து, காலையில் எழுந்ததும் மண்ணைத் தொட்டுப் பார்ப்பதும் அன்று முதல்தான்.