& குறிக்கு முளைத்த வால்

ஆபீஸ் கம்ப்யூட்டரில் 'தோணியப்பன் & பிரதர்ஸ்' என்று கஸ்டமர் பெயரை அடித்து சேவ் செய்தால், திரையிலுள்ள பெட்டியில் & குறிக்குப் பின்னால் "amp;" என்று வால் முளைத்தது. அந்த வெப் பக்கத்துக்குப் புரோகிராம் எழுதிய மேனேஜர் ரங்கபாஷ்யம், டைப்பிஸ்ட் பர்வீன்மேல் பாய்ந்தார்.

"குறியை ரெடிமேட் சாஃப்ட்வேர் ஃபிரேம்வொர்க்கே ஒரு தடவை மாத்துது, நீங்க எழுதின புரோகிராம் கோடும் இன்னொரு தடவை மாத்துது சார்," என்றாள்.

"டைப்பிஸ்ட் எனக்குப் பாடம் நடத்தறியா? மன்னிப்புக் கடிதம் கொடு. இல்லாட்டி நாளைக்கு வராதே."

"என் கை பட்டாத்தானே கெட்டுப்போகுது? கடிதத்தை நீங்களே இந்தப் பெட்டியில அடிங்க. பிரிண்ட்ல கையெழுத்துப் போடறேன். கஸ்டமர் பேரை விட்டுடாதீங்க."

சத்தம் கேட்டு வந்த முதலாளி பார்த்துக்கொண்டிருக்க, ரங்கபாஷ்யம் மிடுக்காக அடித்து சேவ் செய்தார். வால் முளைத்தது. அழித்துவிட்டு மறுபடி அடித்தார். மறுபடியும் முளைத்தது.

பர்வீன் பிரிண்டை எடுத்து, பேனாவோடு அவரிடமே நீட்டினாள்.

"அடிச்சவங்கதானே மன்னிப்புக் கேக்கணும்? போடுங்க சார்."