எல்லாப் பானையிலும் ‘இன்று காய்ச்சியது’

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், ஒருவரும் எழுதி வைக்கவில்லை. அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. பழைய மருந்து என்றால் முகம் சுளிப்பார். “இன்று காய்ச்சியதுதானே?” என்று கேட்காமல் ஒரு சொட்டுக் குடிக்க மாட்டார். ஆகவே அரண்மனை வைத்தியர் ஆதிமூலர், எதைக் காய்ச்சினாலும் பானையில் ‘இன்று காய்ச்சியது’ என்று சுண்ணாம்பால் எழுதிவிடுவார். எந்த நாள், எந்த நோய்க்கு, என்னென்ன மூலிகை என்பதெல்லாம் கிடையாது. கேட்டால் நெற்றியைத் தட்டி, “எல்லாம் இங்கே இருக்கிறது” என்பார். பெரிய மனுஷர்!

போன மழைக்காலத்தில் ஊரில் விஷக்காய்ச்சல் பரவியது. வைத்தியர் எதையெதையோ கலந்து பார்த்ததில் ஒரு பானை மருந்து மட்டும் பலித்தது. குடித்தவர்கள் எழுந்து நடந்தார்கள். இந்த வருஷம் அதே காய்ச்சல் ராஜாவின் ஒரே மகள், சின்னஞ்சிறு தேமொழிக்கு வந்தது.

வைத்தியர் மருந்தறைக்கு ஓடினார். சுவர் முழுக்கப் பானைகள். எல்லாவற்றிலும் ‘இன்று காய்ச்சியது’. காய்ச்சலுக்கானதும் அங்கேதான், எலியைக் கொல்வதும் அங்கேதான். எது எது என்று அவருக்கே தெரியவில்லை. நெற்றியை எவ்வளவு தட்டியும் ஒன்றும் வரவில்லை.

அரசவை விகடன் வேம்பன்மேல் அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். “மன்னா, வேம்பன் விளையாட்டுக்காகப் பானைகளை இடம் மாற்றிவிட்டான்!” என்று பழியைப் போட்டார்.

மகளின் நிலை கண்டு ராஜாவுக்குக் கண்மண் தெரியவில்லை. “சரியான பானையை அவனே காட்டட்டும். இல்லையேல் நாளைக் காலை அவன் தலை உருளட்டும். ஓலை எழுதும்!” ஆதிமூலரே ஆசை ஆசையாக எழுதினார். வேம்பனால் பானையைக் காட்ட முடியவில்லை. யாரால்தான் முடியும்?

விடிந்ததும் வாள்காரன் ஓலையோடு வந்தான்.

“என்ன எழுதியிருக்குண்ணே, படிங்க” என்றான் வேம்பன்.

“வேம்பன் தலை நாளைக் காலை வெட்டப்படும்னு இருக்கு.”

“அப்போ நாளைக்கு வாங்க.”

மறுநாளும் ஓலை அதையேதான் சொன்னது. அதற்கடுத்த நாளும் அப்படியே. ராஜா அவனைச் சபைக்கு இழுத்துவரச் செய்தார்.

“ஏனடா இன்னும் உயிரோடிருக்கிறாய்?”

“தங்கள் ஆணையை மீறலாமா மன்னா? நாளைக்காகத்தான் காத்திருக்கிறேன். நம் வைத்தியர் ஓலையில் எழுதினால் என்றைக்கும் நாளை, பானையில் எழுதினால் என்றைக்கும் இன்று. நாள் குறிக்கும் வழக்கம்தான் அவருக்கு இல்லையே! பானைகளை நான் வேறு குழப்ப வேண்டுமா?”

ராஜா தம்மை மறந்து வாய்விட்டுச் சிரித்துவிட்டார். முத்துமாலையைக் கழற்றி வேம்பன் கழுத்தில் போட்டார். பிறகு ஆதிமூலரிடம் திரும்பி, “உண்மையைச் சொல்லும். எந்தப் பானை?” என்றார்.

“தெரியவில்லை, மன்னா” என்று காலில் விழுந்தார் வைத்தியர்.

வேம்பன் மாலையோடு குழந்தையைப் பார்க்கப் போனான். உடம்பு அனலாய்க் கொதித்தது. தேமொழி மெல்லக் கண் திறந்தாள்.

“மாமா, அப்பா சிரிச்சாங்களே... எனக்கு மருந்து கிடைச்சிடுச்சா?”

வேம்பன் முத்துமாலையைக் கழற்றிக் கைக்குள் மறைத்தான். அவன் பின்னாலேயே வந்து நின்ற ராஜாவின் காதிலும் அந்தக் கேள்வி விழுந்தது. அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் முழுதாக அழியவில்லை.

கதை இவ்வளவுதான். குழந்தை பிழைத்தாளா என்று கேட்காதீர்கள். சொல்ல எனக்கு மனமில்லை.