உமையாளின் கொல்லை

"ஒரே வாரத்துல முடிச்சாகணும்மா. திங்கட்கிழமை மேஸ்திரி வர்றார். உமையா கேக்க மாட்டேங்கிறா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

வைரவன் வரைபடத்தை விரித்தார். அறுபதைத் தாண்டியவர். எதிரே இருந்த மீனாள் அம்மைக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. ஆனாலும், மனசு தடுமாறும்போதெல்லாம் அவர் வந்து உட்காருவது அம்மையின் குடிலில்தான்.

"எதை முடிக்கணும் அண்ணே?"

"வீட்டுக் கொல்லையைத்தான். துவைகல்லைப் பேர்த்துடலாம். ஈரமாக் கிடக்கிற இடமெல்லாம் டைல்ஸ். சுவரோரமா ரோஜா, செம்பருத்தி, சாமந்தின்னு கலர் கலரா பூ. நடுவுல உட்கார ஒரு பெஞ்சு."

"சின்னக் கொல்லைதானே. வருஷத்துக்கு ஒண்ணா மாத்தினா ஆகாதா?"

"அவளும் அதையேதான் சொல்றா. ஒண்ணு பழகட்டும், அப்புறம் அடுத்ததுன்னு." அவர் வரைபடத்தை மடித்தார். "டாக்டர் சொல்லிட்டார்மா. தீபாவளிக்குள்ள அவளுக்குப் பார்வை மொத்தமாப் போயிடுமாம். அதுக்கு முன்னாடி கண்ணு நிறையப் பார்த்துடட்டும்னுதான்..."

அம்மை எழுந்தார்.

"வாங்க. நேர்லயே பார்த்துடலாம்."

கொல்லையில் அவர் மனைவி உமையாள் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"வாங்கம்மா. உங்ககிட்டயும் வரைபடம் வந்துச்சா? நேத்து பால்காரர்கிட்ட காட்டினார். அவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

அம்மை சிரித்தார். வைரவனின் தோளில் கிடந்த துண்டைக் காட்டினார்.

"அதைக் கண்ணுல இறுக்கிக் கட்டிக்குங்க அண்ணே. ஒரு கொத்து கறிவேப்பிலை பறிச்சுட்டு வாங்க."

"என் வீட்டுக் கொல்லை. எனக்குத் தெரியாதா?"

கட்டிக்கொண்டு நடந்தார். துவைகல் முழங்காலில் இடித்தது. வாளி உருண்டது.

"கல்லைத் திட்டாதீங்க," என்றாள் உமையாள். "நாம குடிவந்த நாள்லேர்ந்து அது அங்கேதான் இருக்கு."

ஈரக்கையால் அவர் கையைப் பிடித்தாள்.

"வாங்க. கால்ல என்ன படுது?"

"சேறு. ஜில்லுனு இருக்கு."

"அப்ப வாழை வந்தாச்சு. இடது பக்கம் திரும்புங்க. இப்ப?"

"சருகு."

"பக்கத்து வீட்டு மா. இன்னும் ரெண்டே எட்டு வைங்க. கையை நீட்டுங்க."

கறிவேப்பிலை விரலில் பட்டது. ஒடித்தார். மணம் குப்பென்று ஏறியது.

"நீ கண்ணைத் திறந்துக்கிட்டுத்தானே கூட்டி வந்தே?"

"மூடிக்கிட்டுத்தான். தை மாசத்துலேர்ந்து தினம் காலையில இப்படித்தான் நடந்து பழகுறேன். நீங்க பேப்பர்ல மூழ்கியிருப்பீங்க."

 வைரவனின் கண்ணில் கட்டிய துண்டு மெல்ல நனைந்தது.

உமையாள் அவர் கையை விட்டுவிட்டு நகர்ந்தாள்.

"திங்கட்கிழமை வர்ற மேஸ்திரிக்கு என்ன சொல்லப்போறீங்க?" அம்மையின் குரல் கேட்டது.

"வர வேண்டாம்னு சொல்லிடுறேன்."

 கண்கட்டை அவர் அவிழ்க்கவில்லை. முகத்தை நிமிர்த்தி, எதிரே பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"உமையா, நீயே சொல்லு. இந்த வருஷம் எதை மாத்தலாம்?"

பதில் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"அதை ஏன் கொய்யா மரத்துகிட்ட கேக்குறீங்க? நான் இங்கே நிக்கிறேன்."