சாத்தப்பனின் மல்லாந்த மட்டை

ராஜாக்களுக்குப் போர் அலுத்து, பந்தாட்டம் பிடித்துப்போன ஒரு காலம் முன்பு இருந்தது. அந்தக் காலத்தில், பெயரைச் சொன்னால் வம்பு வரக்கூடிய ஒரு நாட்டைக் கீர்த்திவளவன் என்ற ராஜா ஆண்டு வந்தார். குழிப்பந்தாட்டம் என்றால் அவருக்கு உயிர். இரும்பு மட்டையால் பந்தை அடித்து அடித்துக் கொண்டுபோய்க் குழியில் போட வேண்டும், குறைந்த அடியில் போட்டவருக்கு வெற்றி. அதில் ராஜாவை ஒருவன் விடாமல் தோற்கடித்துக்கொண்டிருந்தான். அவன் அரசவை விகடகவி சாத்தப்பன், மிளகு வியாபாரி வீட்டுப் பிள்ளை.

குழியை நெருங்கியதும் எல்லாரும் முகம் சற்றே பின்னால் சாய்ந்த ஒரு குட்டை மட்டையை எடுப்பார்கள். சாத்தப்பனிடமும் அது இருந்தது. ஆனால் அவனுடைய மட்டையின் முகத்தில் கொல்லர் உலகன் கூரான கீறல்களை வரிசையாக வெட்டியிருந்தார். ஈரப் புல்லில் கிடக்கும் பந்தை அடித்தாலும் தண்ணீரும் புல்சாறும் அந்தக் கீறலுக்குள் ஒதுங்கிவிடும். இரும்பு பந்தைக் கவ்வும். பந்து சுழன்றுகொண்டே போய் விழுந்து, கயிற்றைச் சுண்டிய மாடு மாதிரி அங்கேயே நிற்கும்.

தளபதி ஏகாம்பர நாயகருக்கு இதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தது. ஒருநாள் சபையில் எழுந்தார்.

“பிரபு, இவன் ஜெயிக்கவில்லை. இவன் மட்டையிலுள்ள கீறல் ஜெயிக்கிறது. கீறலைத் தடை செய்யுங்கள், இவன் வண்டவாளம் தெரிந்துவிடும்.”

தோற்றுத் தோற்று நொந்திருந்த ராஜாவுக்கு அது தேனாக இனித்தது. “அப்படியே ஆகட்டும். சாத்தப்பா, நாளைக் காலை பனி காயுமுன் குளக்கரை நெடும்புல்லில் பந்தை வைப்போம். குளத்து நடுவே இருக்கும் நீராழி மேடையில் அது போய் நிற்க வேண்டும். நின்றால் வெகுமதி. தண்ணீரில் விழுந்தால், பொழுது சாய்வதற்குள் பெண்டு பிள்ளைகளோடு நாட்டை விட்டுப் போய்விட வேண்டும்.”

மேடையோ பத்து முழப் புல்தரை, சுற்றிலும் தண்ணீர். ஈரப் புல்லும் வழவழப்பான இரும்பும் சேர்ந்தால் பந்து வழுக்கிக்கொண்டு ஓடுமே தவிர நிற்காது.

சாத்தப்பன் கைகட்டி நின்றான். “ஆணை பிரபு. ஆனாலும் ஏழைக்கு ஒரு நான்கு கீறல்?”

“கூடாது!” என்றார் நாயகர்.

“இரண்டு?”

“கூடாது.”

“போகட்டும். ஓரமாக, மெல்லிசாக, ஒன்றே ஒன்று?”

“மயிரிழைக்கும் இடமில்லை!”

“சரி, நானே இறங்கி வருகிறேன். நாளைக் காலையில் புதிதாக ஒரு நிபந்தனை முளைத்தால் நான் என்ன செய்வேன்? ஆணையை ஓலையில் எழுதி, ‘இந்த ஓலையில் சொல்லாத எதையும் குற்றமாக்கக் கூடாது’ என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அது போதும்.”

அத்தனையையும் மறுத்த களிப்பில் நாயகர் தாராளமானார். “எழுதித் தொலையுங்கள்!” என்றார். ராஜா முத்திரை வைத்தார். கடையில் வளர்ந்தவன், வேண்டாத சரக்குக்கு விலை பேசிவிட்டு, வேண்டியதைக் கொசுறாக வாங்கிக்கொண்டு போனான்.

நேரே உலகனின் பட்டறைக்குப் போனான்.

“ஐயா, வழவழன்னு தேய்ச்சுக் குடுத்துருவேன். ஆனா பந்து நிக்காதே. மேடையைத் தாண்டிக் குளத்துக்குள்ள ஓடிரும்” என்றார் உலகன்.

“ஓட விட்டாத்தானே? நேர் மேலேயிருந்து இறக்குனா எங்க ஓடும்?”

“மேலேயிருந்தா? எப்படி இறக்குவீங்க?”

“மட்டை முகத்தை இன்னும் பின்னால சாய்ச்சிரு. வெயில் காயப் படுத்திருக்கிறவன் மாதிரி மல்லாந்து கிடக்கணும்.”

“இப்படி ஒரு மட்டையை எங்க அப்பன் பாட்டன்கூட அடிச்சதில்லையே! பந்து உங்க மூக்கைப் பேத்துரும் ஐயா!”

“மூக்கு போனாலும் இந்த ஊர்லயே இருந்துட்டுப் போறேன். அடி.”

அன்று மாலை வரை பட்டறைக்குப் பின்னால் பந்துகள் வானத்துக்குப் போய் வந்தன. மூன்று பந்து கூரை ஓட்டைப் பெயர்த்தது.

மறுநாள் காலை குளத்தைச் சுற்றி ஊரே நின்றது. சாத்தப்பன் மனைவி பாத்திரம் பண்டத்தை மூட்டை கட்டி வண்டியில் வைத்திருந்தாள். நாயகர் மட்டையைத் தடவிப் பார்த்தார். கண்ணாடி மாதிரி இருந்தது.

“கீறல் இல்லை. ஆனால் இதென்ன கோலம்? மல்லாந்து கிடக்கிறதே!”

“சாய்வைப் பற்றி ஓலையில் ஏதாவது உண்டா நாயகரே?”

ஓலையை இரண்டு முறை படித்தார்கள். ஒன்றும் இல்லை. “அடியப்பா, அடி. உன் தலையில்தான் விழப்போகிறது” என்று நாயகர் சிரித்தார்.

சாத்தப்பன் வண்டிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, முழு பலத்தோடு வீசினான்.

பந்து முன்னால் போகவில்லை, ஏறியது. தென்னைகளைத் தாண்டியது. கோபுரத்துக் கலசங்களைத் தாண்டியது. அங்கே வட்டமிட்ட புறாக்கள் சிதறி வழிவிட்டன. அண்ணாந்து பார்த்த பிரபுக்களின் தலைப்பாகைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் விழுந்தன, ஒருவரும் குனிந்து எடுக்கவில்லை. இளவெயிலில் பந்து ஒரு வெள்ளைப் பொட்டானது. பிறகு அதுவும் இல்லை. ஆயிரம் பேர் நின்ற கரையில் தவளைச் சத்தம் மட்டும் கேட்டது. ராஜா தம்மை அறியாமல் கைகூப்பியிருந்தார்.

அப்புறம் அது வந்தது. யாரோ வானத்திலிருந்து பார்த்துப் போட்டது போல, நேராக. மேடை நடுவில் ‘தொப்’. ஒரு சாண்கூட உருளவில்லை.

கரையெங்கும் கூச்சல் எழுந்தது. ராஜா ஓடம் ஏறி மேடைக்குப் போனார். மண்டியிட்டு, பந்து புதைந்த பள்ளத்தில் விரலை விட்டார். பாதி விரல் உள்ளே போயிற்று.

“மட்டையில் கீறல் கூடாதென்றேன். என் மேடையையே கீறிவிட்டானே இந்தப் படுபாவி!” என்று குளமே அதிரச் சிரித்தார். கழுத்து முத்துமாலை சாத்தப்பன் கழுத்துக்குப் போனது. உலகனுக்குப் பட்டறைக்கு அடுத்த நிலம் இனாமாகக் கிடைத்தது. வண்டி மூட்டையை அவிழ்த்து, சாத்தப்பன் மனைவி முதலில் தோசைக்கல்லை எடுத்தாள்.

கரை ஏறிய ராஜா தளபதியை அழைத்துவரச் சொன்னார். தேடிப் போனவன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“பிரபு, நாயகர் உலகன் பட்டறையில் நிற்கிறார். முக்காடு போட்டிருக்கிறார். தம்முடைய மட்டையை இன்னும் கொஞ்சம் மல்லாத்திக் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சுகிறார்.”

“அவருக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களா?”

“மந்திரிமார் எல்லாரும்.”

“அப்படியானால் ஓடு” என்றார் ராஜா. “எனக்கும் ஒரு இடம் பிடித்து வை.”