முதலாளியின் கால் பலம்

கார் பிரேக் பஞ்சு மாதிரி அமுங்குகிறது என்றான் டிரைவர் இருளப்பன்.

"பிரேக்குக்கு ஒண்ணுமில்ல, இவன் காலுலதான் பலமில்ல. இன்னியோட சீட்டைக் கிழிச்சிடுறேன்" என்று குதித்தார் எண்ணெய் மில் முதலாளி ராஜாமணி.

மெக்கானிக் செல்லக்கனி சிரித்தாள். "அப்ப உங்க பலத்தைப் பாத்துருவோம். சொல்றப்ப மிதிங்க, சொல்றப்ப விடுங்க."

வேட்டியை மடித்துக்கட்டி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார் முதலாளி. அவர் மிதிக்க மிதிக்க, அவள் கீழே ஒவ்வொரு சக்கரத்திலும் பிரேக் திருகாணியைத் திறந்து, வழியும் ஆயிலைப் பாட்டிலில் பிடித்து மூடினாள். என்ன செய்கிறாய் என்று அவர் கேட்கவே இல்லை. பலம் காட்டுகிற மும்முரம்!

கடைசியில் பெடல் கல்லு மாதிரி நின்றது. "பாத்தியா என் காலை!"

அடுத்து இருளப்பன் மிதித்தான். அப்போதும் கல்லுதான். முதலாளி விழித்தார்.

செல்லக்கனி குமிழி விடும் ஆயில் பாட்டிலை நீட்டினாள். "பிரேக்கு அமுங்குனதுக்குக் காரணம் உள்ள இருந்த இந்தக் காத்துதான், ஐயா. அதை வெளியேத்த மிதிக்க ஒரு ஆள் வேணும், டிரைவர் காலுலதான் பலமில்லன்னுட்டீங்களே. நல்ல கையாளாக் கிடைச்சீங்க!"