பிளக்கைப் பிடுங்கும் டீச்சர்

"இனிமே அந்த நோட்டு எதுக்கு டீச்சர்?"

கேட்டவர் நெல்லையப்பன். பதினோராயிரம் பேர் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கம்பெனியின் முதலாளி. வயது அறுபது.

கேட்கப்பட்டவர் ஜெபமலர். தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பெயரைப் பதிவு செய்கிறவர். வயது ஐம்பத்தாறு. அவரை டீச்சர் என்று கூப்பிடுகிற ஒரே ஆள் நெல்லையப்பன்தான். பதிலுக்கு ஜெபமலர் இவரை அண்ணாச்சி என்பார். குரு சீடனை அண்ணாச்சி என்று அழைக்கிற வழக்கம் வேறெந்த மடத்தில் உண்டோ தெரியாது.

ஜெபமலர் எதிரே நின்ற நோயாளியின் பெயரை முதலில் நோட்டில் எழுதினார். பிறகுதான் கம்ப்யூட்டரில் அடித்தார்.

நெல்லையப்பனுக்குச் சுருக்கென்றது. அவர் கம்பெனி பிறந்ததே இந்த மேசையில்தான்.

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், பார்த்த வேலையை விட்டுவிட்டு, தான் எழுதிய புரோகிராமை ஒரு பிளாப்பியில் போட்டு எடுத்துக்கொண்டு இங்கே வந்தார். நோயாளிகளின் பெயரைச் சேர்த்து வைக்கிற புரோகிராம்.

ஜெபமலர் பத்துப் பெயர் அடித்துப் பார்த்தார். பிறகு மேசைக்கு அடியில் குனிந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"கரண்டு போயிட்டு அண்ணாச்சி. இங்க தெனமும் போவும்."

மறுபடி மாட்டியபோது பத்துப் பெயரும் இல்லை.

அடுத்த மாதம் திருத்தி எடுத்து வந்தார். ஜெபமலர் பிடுங்கினார். ஐந்து பெயர் மிஞ்சியது.

ஆறாவது தடவை ஒன்பது மிஞ்சியது. கடைசியாக அடித்த ஆளை மட்டும் காணோம். ஒரு ஆள்தானே என்று நெல்லையப்பன் கெஞ்சிப் பார்த்தார். ஜெபமலர் பிளாப்பியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

ஏழாவது தடவை பிளக்கைத் தொடவில்லை. நன்றாக இருக்கிறது, போட்டுவிட்டுப் போங்கள் என்றார்.

அதன்பிறகு கம்பெனி மளமளவென்று வளர்ந்தது. வாங்க வந்தவர்களையெல்லாம் நெல்லையப்பன் இந்த மேசைக்குத்தான் கூட்டிவந்து காட்டினார். எத்தனை தடவை கரண்ட் போனாலும் ஒரு பெயர்கூடத் தொலையாத ஆஸ்பத்திரி. கம்பெனியின் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் வாசலில் அதையே கல்லில் பொறித்து வைத்தார். 'ஒரு பெயரும் தொலையாது.'

இப்போது புது புரோகிராம் வந்திருக்கிறது. இதுவரை கம்பெனியிடம் வாங்கியவை, கரண்ட் போகாதபடி ஜெனரேட்டர் வைத்த பெரிய ஆஸ்பத்திரிகள். வருகிற திங்கட்கிழமை மலையடிவாரத்துச் சின்ன ஆஸ்பத்திரிகள் நாற்பதில் ஒரே நாளில் தொடங்கப் போகிறார்கள். பக்கத்து மேசையில் புது கம்ப்யூட்டரும் வந்து இறங்கிவிட்டது. டீச்சர் தன் நோட்டை மூடிவைப்பதுபோல ஒரு போட்டோ எடுக்கத்தான் நெல்லையப்பன் வந்திருந்தார்.

புதுசில் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தாயிற்றா என்று ஜெபமலர் விசாரித்தார்.

"அது ஏழாவது தடவையே பாஸாயிட்டே டீச்சர். அதே அஸ்திவாரத்து மேலதான் இதையும் கட்டியிருக்கோம்."

"அந்த நாப்பது ஊர்லயும் நோட்டு உண்டுமா?"

"காகிதமே கிடையாது" என்றார் நெல்லையப்பன் பெருமையாக.

ஜெபமலர் எழுந்துபோய் பீரோவைத் திறந்தார். மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை நோட்டுகள். அடியிலிருந்து ஒன்றை உருவி, தூசி தட்டிக் கொடுத்தார்.

வரிக்கு ஒரு பெயர். பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. கால் வீக்கம், உக்கார வைக்கணும். கூட யாரும் வரலை. காது கேக்காது, கிட்டப் போய்க் கூப்பிடணும்.

நடுவில் அவர் பெயரும் இருந்தது.

'நெல்லையப்பன். ஏழாவது தடவை. ரெண்டு நாளா சாப்பிடலை போல. கண்ணு கலங்கி இருக்கு. பிளக்கைப் பிடுங்க மனசு வரலை. இனிமே எல்லாரையும் நோட்டுல எழுதிட்டு அடிக்கணும்.'

நெல்லையப்பன் இரண்டு முறை படித்தார்.

"அப்ப அந்தக் கடைசி ஆளு?"

"கரண்டு போறப்பல்லாம் காணாமப் போவாங்க. நோட்டைப் பாத்துத் திரும்ப அடிச்சிருவேன்."

"எது வரைக்கும்?"

"போன செவ்வாக்கிழமை வரைக்கும்."

நெல்லையப்பன் பீரோவின் முன்னால் போய் நின்றார். பன்னிரண்டு மாடியை முதல் நாள் அண்ணாந்து பார்த்தபோதுகூட அவருக்கு இப்படி உடம்பு சிலிர்க்கவில்லை. கல்லில் பொறித்த வாக்கியம் இத்தனை வருஷமும் ஒரு பெண்ணின் கையெழுத்தில் நின்றிருக்கிறது. கைகூப்பத் தோன்றியது. கூப்பினார்.

"ஏன் டீச்சர் எங்கிட்டச் சொல்லலை?"

"சொல்லியிருந்தா எட்டாவது தடவை வந்திருப்பியளா?"

அவர் யோசித்தார். அன்றைக்கு அவர் பையில் பிளாப்பியோடு பம்பாய்க்கு ஒரு ரயில் டிக்கெட்டும் இருந்தது. அங்கே மாமாவின் கடையில் கணக்கு எழுதும் வேலை காத்திருந்தது.

"வந்திருக்க மாட்டேன்."

போனை எடுத்து, திங்கட்கிழமை எதுவும் தொடங்க வேண்டாம் என்று சொன்னார். போட்டோ எடுக்க வந்தவரை அனுப்பிவைத்தார். பிறகு புது கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து, ஜெபமலரின் நோட்டைப் பார்த்து அன்று காலை வந்த பத்துப் பேரின் பெயரை ஒவ்வொன்றாக அடித்தார்.

அடித்து முடித்து, மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் மண்டியிட்டார்.

"எழுதிக்கிடுங்க டீச்சர். நெல்லையப்பன், எட்டாவது தடவை."

சொல்லிவிட்டு, பிளக்கைப் பிடுங்கினார்.