சூதுச்சாவடிக்குப் பூட்டுப் போட்ட விகடன்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். ஊர்ப் பெயர் எதற்கு? எல்லா ஊரிலும் நடக்கிறதுதான். தம் பட்டத்து யானைக்குத் தங்கத்தில் அம்பாரி செய்து பார்க்க அவருக்கு ஆசை வந்தது. கஜானாவிலோ பணமில்லை. உடனே கடைவீதியில் இருந்த சூதுச்சாவடியை வருஷக் குத்தகைக்கு ஏலம் விட்டார். அதிகம் கேட்டவனுக்குச் சாவடி. "கோட்டை மதிலுக்குள் அந்தச் சாவடியைத் தவிர வேறெங்கு பகடை உருட்டினாலும், உருட்டியவர் யாராயினும் இருபத்தைந்து சவுக்கடி" என்று முரசும் அறைவித்தார். குத்தகைக்காரனுக்கு வரும்படி குறையக் கூடாதாம். என்ன கரிசனம் பாருங்கள்!

மூன்று வருஷத்தில் பாதி ஊர் அந்தச் சாவடிக்குள் போய் வெறுங்கையோடு வெளியே வந்தது. அரண்மனை விகடன் அம்பலத்தானின் தங்கை புருஷன் பெரியாண்டியும் அதில் ஒருவன். உழவு மாடு போயிற்று, நிலமும் போயிற்று. நாலாம் வருஷ ஏலத்துக்கு முந்தின நாள் தங்கை சிலம்பாயி அண்ணன் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, இனி வீட்டுல நானும் அடுப்பும்தான் பாக்கி. எப்படியாச்சும் அந்தச் சாவடிய மூடிரு. அந்த மனுசன் எனக்கு வேணும்."

அம்பலத்தான் அன்றே குடியிருந்த வீட்டை விற்றுக் காசாக்கிக்கொண்டு மறுநாள் ஏலத்தில் போய் நின்றான். பொக்கிஷ அதிகாரி நரசய்யனுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. விகடனைத் தெருவில் நிறுத்திவிடலாம் என்று விலையை ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் நழுவிக்கொண்டான். அம்பலத்தான் கையில் இருந்த அத்தனையும் கொட்டிச் சாவடியை எடுத்தான். எடுத்த கையோடு அதற்குப் பூட்டுப் போட்டான். இனி சட்டப்படி ஊருக்குள் யாரும் எங்கும் பகடை உருட்ட முடியாது.

பத்து நாள்கூட ஆகவில்லை. குயவர் சூளைக்குப் பின்னால் பகடை உருட்டிக்கொண்டிருந்த பெரியாண்டியை நரசய்யன் ஆள் வைத்துப் பிடித்துச் சபைக்கு இழுத்து வந்தான். நோஞ்சான் உடம்பு. இருபத்தைந்து அடி விழுந்தால் உயிர் தங்குவதே சந்தேகம். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிலம்பாயி தூணோரம் நின்றாள்.

"மகாராஜா, குத்தகைக்காரர் தம் மைத்துனருக்குத் தாமே தண்டனை கேட்கட்டும்," என்றான் நரசய்யன்.

"கேட்கிறேன். ஆனால், முதலில் உருட்டியவருக்கு முதல் அடி விழுவதுதானே நியாயம்?" என்றான் அம்பலத்தான். "இவன் உருட்டியது இன்று காலையில். தாங்களும் நரசய்யரும் மேல்மாடத்தில் உருட்டியது நேற்று மாலையில்."

"அரண்மனைக்குள் ஆடுவதும் குற்றமோ?" ராஜாவின் முகம் சிவந்தது.

"அரண்மனை கோட்டை மதிலுக்குள்தானே இருக்கிறது, மகாராஜா? யாராயினும் என்பதும் தங்கள் வாக்குத்தான்." சொல்லிவிட்டு ஒரு பட்டு மெத்தையைத் தரையில் விரித்தான். "தாங்கள் குப்புறப் படுக்க இது வசதியாக இருக்கும்."

ராஜா திரும்பிப் பார்த்தார். நரசய்யன் தன் முதுகைத் தானே தடவிக்கொண்டிருந்தான். அவ்வளவுதான், ராஜா வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார். "மூவருக்கும் மன்னிப்பு!" என்று சொல்லி, தம் முத்துமாலையைக் கழற்றி விகடன் கழுத்தில் போட்டார்.

விற்று நிலத்தை மீட்டுக்கொள் என்று அந்த மாலையை அவன் தங்கைக்கே கொடுத்தான். ஆறாம் நாள் அவள் தனியாக வந்தாள்.

"ஆத்துக்கு அக்கரையில வேற ராஜாவாம், வேற சாவடியாம். மாலைய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு அண்ணே. அன்னைக்கு அந்த அடியப் பட்டிருந்தா வீட்டுலயாச்சும் கெடந்திருப்பாரு."

ராஜாவோ வந்த விருந்தாளிக்கெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நின்று அம்பலத்தானும் சிரித்தான். என்ன செய்வான் பாவம், அதற்குத்தானே அவனுக்குச் சம்பளம்.